புலி குறைந்தால் மான் பெருகுமா?

"புலி குறைந்தால் மான் கூடும், மான் கூடினால் புல் குறையும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் ஒரு காட்டில் எத்தனை மான் இருக்கும் என்பதை முடிவு செய்வது மேலே இருக்கும் புலியா, கீழே இருக்கும் புல்லா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் விலங்கியல் பாடம் எடுப்பவன். வருடத்துக்கு ஒரு மாணவராவது இதைக் கேட்டுவிடுவார், எனக்கு அப்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் சூழலியலில் அறுபது வருடத்துக்கும் மேலாகப் பெரிய பெரிய ஆட்கள் முட்டி மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

சுருக்கமான பதில்: இரண்டும்தான், ஆனால் முறை போட்டுக்கொண்டு. ஒரு பத்து வருடம் கயிறு புலியின் கையில் இருக்கும், அடுத்த பத்து வருடம் புல்லின் கைக்குப் போய்விடும், நடுவில் ஒரு கிருமியோ ஒரு கடுங்குளிரோ வந்து இரண்டு பேரிடமிருந்தும் அதைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் "யார் முடிவு செய்வது" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த இடத்தில், எந்த வருடங்களில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இனி நீளமான பதில்.

முதலில் கணக்கு ஒன்றைத் தீர்த்துவிடுவோம். ஒரு விலங்கு தின்றதில் பெரும் பகுதி உடம்புச் சூட்டுக்கும் ஓட்டத்துக்கும் செலவாகிவிடுகிறது. அடுத்த படியில் இருப்பவருக்குச் சதையாகக் கிடைப்பது சுமாராகப் பத்தில் ஒரு பங்கு, பல இடங்களில் அதைவிடவும் குறைவு. அதனால்தான் மேலே போகப் போக ஆட்கள் குறைகிறார்கள். கர்நாடகத்தின் நாகரஹொளேயில் பல வருடம் புலிகளை ஆராய்ந்த உல்லாஸ் கரந்த் சொல்லும் கணக்கு எளிமையானது: ஒரு புலிக்கு வருடத்துக்குச் சுமார் 50 குளம்பு விலங்குகள் வேண்டும், இருப்பதில் பத்தில் ஒன்றைத்தான் அது எடுக்கும், ஆக ஒரு புலி நிலைத்திருக்க அந்தக் காட்டில் ஏறக்குறைய 500 இரை விலங்குகள் இருந்தாக வேண்டும். புலிக்கு உச்சவரம்பு வைப்பது மானும் கடமானும் காட்டெருதும்தான். இதில் பெரிய சண்டை இல்லை. சண்டை எல்லாம் இதன் மறுபக்கத்தில்: மானின் எண்ணிக்கையைப் புலி எவ்வளவு தூரம் பிடித்து வைத்திருக்கிறது?

இதற்கு விடை தேட ஒரு தீவுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஐல் ராயல் தீவு, சுப்பீரியர் ஏரிக்கு நடுவே கிடக்கிறது, சுமார் 70 கிலோமீட்டர் நீளம். மனிதர்கள் குடியிருப்பதில்லை, வேட்டை கிடையாது, குளிர்காலத்தில் மூடியே வைத்துவிடுகிற தேசியப் பூங்கா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் என்னும் பெரிய மான்கள் அங்கே வந்து சேர்ந்தன, பெரும்பாலும் நீந்தித்தான் வந்திருக்கும் என்கிறார்கள். நம் கடமானைவிட மிகப் பெரிய உடம்பு அவற்றுக்கு. அப்புறம் 1940களின் கடைசியில் ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில் பனிக்கட்டி மேலேயே நடந்து கனடாவிலிருந்து ஓநாய்கள் வந்தன. பெரிய இரை ஒன்று, பெரிய வேட்டைக்காரர் ஒருவர், குளிர்காலத்தில் மூஸ் நம்பியிருக்கும் பால்சம் ஃபிர் என்னும் ஊசியிலை மரம் ஒன்று. இதைவிட எளிய உணவு வலை இயற்கையில் கிடைப்பது அபூர்வம். பர்டூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் 1958இல் அங்கே எண்ண ஆரம்பித்தார். ரால்ஃப் பீட்டர்சன், ஜான் வூசடிச் என்று கைமாறிக் கைமாறி அந்த எண்ணிக்கை இன்று வரை நடக்கிறது. உலகத்தில் ஓர் ஓநாயையும் அதன் இரையையும் இவ்வளவு காலம் விடாமல் பார்த்த ஆய்வு வேறு இல்லை.

இவ்வளவு எளிய வலைதானே, பாடப்புத்தகத்தில் இருக்கும் அலை அலையான படம் அப்படியே வர வேண்டாமா? முதல் இருபது வருடம் ஏறக்குறைய வந்தது. 1970களில் மூஸ் குறைந்தது, ஓநாய் ஏறியது, 1980இல் 50 ஓநாய்கள். அதற்குப் பிறகு இரண்டே வருடத்தில் அது 14 ஆக விழுந்தது. இரை அந்த வேகத்தில் தீரவில்லை. பார்வோ வைரஸ், அதாவது வீட்டு நாய்க்குட்டிகளைக் கழிச்சலில் கொல்லும் அதே கிருமி, யாரோ தடையை மீறிக் கூட்டிவந்த நாய் ஒன்றின் மூலமாகத் தீவுக்குள் நுழைந்திருந்தது. அந்த உணவு வலைப் படத்தில் வைரஸுக்கென்று யாரும் கட்டம் போட்டு வைத்திருக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஓநாய்கள் பழைய நிலைக்கு மீளவில்லை, சில பேருக்குள்ளேயே இணை சேர்ந்து இரத்தம் மெலிந்துபோயிருந்தது. மூஸ் ஏறிக்கொண்டே போனது. 1995இல் சுமார் 2,400. இதுவரை நம் தம்பி படித்த பாடம் சரிதான், கொல்பவர் குறைந்தார், இரை பெருகியது. ஆனால் 1996இன் குளிர்காலம் மிகக் கடுமையாக வந்தது, மூஸ்கள் ஃபிர் மரங்களை வாய் எட்டும் உயரம் வரை மொட்டையாகத் தின்று தீர்த்திருந்தன, உடம்பில் உண்ணிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி இரத்தம் குடித்தன, அரிப்புத் தாங்காமல் மரத்தில் உரசி உரசி முடி உதிர்ந்து குளிரில் நடுங்கின. அடுத்த வருடம் எண்ணியபோது சுமார் 500தான் மிச்சம். 2,400இலிருந்து 500. ஓநாய் செய்த வேலை இதில் கொஞ்சம்தான், பட்டினி செய்ததுதான் மீதி. ஆக அதே தீவு, அதே விலங்குகள், வைரஸ் வருவதற்கு முன்னால் ஓநாய் கயிறு பிடித்தது, பின்னால் குளிரும் தீவனமும் பிடித்தன. மேலிருந்தா, கீழிருந்தா என்ற கேள்விக்கு ஒரே தீவு இரண்டு விடையும் கொடுத்துவிட்டது.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கே ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கும். ஓநாய் எந்த மூஸையும் அடித்துவிட முடியாது. நல்ல வயதில் இருக்கும் மூஸ் நின்று எதிர்த்தால் ஓநாய்க் கூட்டம் விலகிப் போய்விடும், ஓர் உதை பட்டால் விலா எலும்பு போய்விடும். அது கொல்வது பெரும்பாலும் கன்றுகளையும், பத்து வயதைத் தாண்டி மூட்டுத் தேய்ந்த கிழங்களையும்தான். அதனால் ஓநாய்க்கு முக்கியம் மொத்தம் எத்தனை மூஸ் என்பதைவிட அதில் கிழம் எத்தனை என்பது. கிழம் எத்தனை என்பது பத்து வருடத்துக்கு முன்னால் எத்தனை கன்றுகள் பிழைத்தன என்பதைப் பொறுத்தது. அதாவது இன்றைய ஓநாய் எண்ணிக்கைக்கான காரணம் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு வசந்தத்தில் கிடக்கலாம். ஒரு வருடத்தின் எண்ணிக்கை இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "ஓநாய் கூடியிருக்கிறது, மூஸும் கூடியிருக்கிறது, அப்படியானால் தொடர்பில்லை" என்று சொல்லிவிடக் கூடாது. தாமதம் இருக்கிறது, அந்தத் தாமதமே ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகிறது.

மரமும் கணக்கு வைத்திருக்கிறது. மெக்லாரன் என்ற ஆய்வாளரும் பீட்டர்சனும் 1994இல் ஃபிர் மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்து காட்டினார்கள்: ஓநாய் குறைந்து மூஸ் பெருகிய காலங்களில் வளையம் மெலிந்திருந்தது, ஓநாய் ஏறிய பின் தடித்தது. ஓநாய் ஒரு நாளும் ஃபிர் இலையை முகர்ந்துகூடப் பார்க்காது, இருந்தாலும் அந்த மரம் எந்த வருடம் எவ்வளவு வளர்ந்தது என்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. உணவு வலை என்று சொல்வதன் பொருள் இதுதான். நேரே தொடாதவரையும் தொடும். ஓநாய் வந்து பத்து வருடத்துக்குள் அந்தத் தீவிலிருந்த கயோட்டிகள், அதாவது ஓநாயின் சிறிய உறவுக்காரர்கள், அடியோடு இல்லாமல் போயின, செந்நரிகள் மட்டும் ஓநாய் விட்ட மிச்சத்தைத் தின்று பிழைத்துக்கொண்டன. கோடையில் ஓநாய்க்குப் பீவர் என்னும் பெரிய நீர்க் கொறிவிலங்கும் இரை, எனவே ஓநாய் மங்கிய வருடங்களில் பீவர் குடும்பங்களும் பெருகின, அவை ஓடைகளை அணைபோட்டு மறித்துக் குளங்களாக்கின.

கதையின் பிற்பகுதியையும் சொல்லிவிடுகிறேன். 1997இல் கனடாவிலிருந்து ஓர் ஆண் ஓநாய் பனியில் நடந்து வந்து சேர்ந்தது, புது இரத்தம், கொஞ்ச காலம் கூட்டம் தெம்பானது. பிறகு அதன் வாரிசுகளே எங்கும் நிறைந்து மறுபடி அதே சிக்கல். வெப்பமயமாதலால் ஏரி முன்னைப்போல் உறைவதில்லை, புதிய ஓநாய் வரப் பாதை இல்லை. 2016இல் இரண்டே ஓநாய்கள், அப்பாவும் மகளும், அதிலும் இருவருக்கும் தாய் ஒருத்தியே. குட்டி தங்க வாய்ப்பே இல்லை. மூஸ் மறுபடி ஏறி 2019இல் 2,000ஐத் தாண்டியது. 2018, 2019இல் பூங்கா நிர்வாகம் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டது. 2024 கணக்கெடுப்பில் 30 ஓநாய்கள், சுமார் 840 மூஸ்கள். உடனே "ஓநாய் வந்தது, மூஸைக் குறைத்துவிட்டது" என்று எழுதத் தோன்றும். ஓநாய்க்குப் பங்கு உண்டு, ஆனால் இந்த வருடங்களிலும் உண்ணியும் தீவனப் பஞ்சமும் பல மூஸ்களைக் கொன்றன.

அந்த 19இல் சில மிச்சிபிகோட்டன் என்னும் இன்னொரு தீவிலிருந்து வந்தவை, அதே ஏரியில், கனடாப் பக்கம் இருப்பது. அந்தத் தீவின் கதை நேர் எதிர். அங்கே கேரிபூ மான்கள் சில நூறு, வேட்டையாட யாருமில்லாமல் பல்கிப் பெருகியிருந்தன. 2014இல் பனிமேல் சில ஓநாய்கள் போய்ச் சேர்ந்தன. நான்கே வருடத்தில் கேரிபூ முடிந்தது, மிஞ்சிய கொஞ்சத்தை 2018இல் வேறு தீவுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்ற வேண்டியதாயிற்று, ஓநாய்களும் எலும்பும் தோலுமாகிவிட்டன. ஒரே ஏரி, ஒரே இனத்து ஓநாய், இரண்டு தீவுகள். ஒன்றில் எழுபது வருடமாக இரையும் வேட்டைக்காரரும் சேர்ந்து வாழ்கிறார்கள், இன்னொன்றில் நான்கு வருடத்தில் எல்லாம் தீர்ந்தது. நின்று எதிர்க்கும் இரையா, ஓடினால் பிடிபடும் இரையா, ஓடி ஒளிய இடம் உண்டா என்பதெல்லாம் சேர்ந்துதான் எண்ணிக்கையை முடிவு செய்கின்றன. "ஓநாய் விட்டால் எத்தனை சதவீதம் குறையும்" என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு தீவையும்தான் காட்டுவேன்.

சரி, தீவுகளில் நடப்பதை வேடிக்கைதான் பார்க்க முடியும். தம்பியின் கேள்வியைச் சோதனையாகவே செய்து பார்த்தவர்கள் உண்டு. கனடாவின் யூகான் பகுதியில் க்ளுவேனி ஏரிப் பக்கம், சார்லஸ் கிரெப்ஸும் கூட்டாளிகளும். அங்கே ஸ்னோஷூ முயல் என்று ஒன்று, குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும், சுமார் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெருகி வழிந்து பிறகு சரிந்துபோகும், அதைத் தின்னும் லின்க்ஸ் பூனையும் ஓரிரு வருடம் பின்தங்கி அதே மாதிரி ஏறி இறங்கும். பழைய தோல் வியாபாரக் கணக்குப் புத்தகங்களில்கூட இந்த அலை பதிவாகியிருக்கிறது. முயல் ஏன் சரிகிறது, தீனி தீர்ந்தா, தின்னப்பட்டா? கிரெப்ஸ் குழு ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள காட்டுத் துண்டுகளை எடுத்துக்கொண்டது. சிலவற்றில் முயலுக்குக் கூடுதல் தீவனம் போட்டார்கள். ஒன்றை மின்வேலி போட்டு லின்க்ஸும் கயோட்டியும் வராமல் அடைத்தார்கள். இன்னொன்றில் வேலியும் உண்டு, தீவனமும் உண்டு. யூகான் குளிரில் வருடக்கணக்கில் வேலியைக் காவல் காப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று நினைத்துப் பாருங்கள். 1995இல் முடிவு வெளியானது. சுற்றியுள்ள சாதாரணக் காட்டோடு ஒப்பிட்டால், உச்சமும் சரிவுமான வருடங்களில், வேலி மட்டும் போட்ட இடத்தில் முயல் இரண்டு மடங்கு, தீவனம் மட்டும் போட்ட இடத்தில் மூன்று மடங்கு, இரண்டும் செய்த இடத்தில் பதினொரு மடங்கு.

இரண்டையும் மூன்றையும் கூட்டினாலும் பெருக்கினாலும் பதினொன்று வராது. நான் இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி ஏன் என்று கேட்பேன். பசித்த முயல் தீனி தேடி மறைவைவிட்டு வெளியே வரும், வந்தால் பிடிபடும். பயந்த முயல் மறைவிலேயே இருக்கும், இருந்தால் பட்டினி. பசியும் பயமும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. சரிவுக் காலத்தில் செத்த முயல்களில் பெரும்பாலானவை வேறொரு விலங்கின் வாயில்தான் செத்தன, ஆனால் அந்த வாய்க்குள் அவற்றைத் தள்ளியதில் பசிக்கும் பங்கு இருந்தது. இன்னொன்றையும் பிறகு கண்டுபிடித்தார்கள்: வேட்டையாடிகள் நிறைந்த வருடங்களில் தாய் முயலின் உடம்பில் மன அழுத்த ஹார்மோன் ஏறி, போடும் குட்டிகளின் எண்ணிக்கையே குறைந்தது. தின்னப்படாத முயலையும் வேட்டைக்காரர் குறைக்கிறார், பயமுறுத்தியே.

இப்போது கடலுக்கு. அலாஸ்காவை ஒட்டிய அலூஷன் தீவுகள். கடல் நீர்நாயின் தோலுக்காக 1741இலிருந்து வேட்டையாடித் தீர்த்து, 1911இல் ஒப்பந்தம் போட்டுத் தடுத்தபோது உலகம் முழுக்கச் சேர்த்து ஓரிரண்டாயிரம்தான் மிச்சம் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். பிறகு சில தீவுகளில் திரும்பப் பெருகின, சில தீவுகளில் வரவே இல்லை. ஜேம்ஸ் எஸ்டஸ் 1970களில் இந்த இரண்டு வகைத் தீவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீர்நாய் இருந்த இடத்தில் கெல்ப் என்னும் பெரிய கடற்பாசி கடலுக்கடியில் காடு மாதிரி நின்றது. நீர்நாய் இல்லாத இடத்தில் அடித்தரை முழுக்கக் கடல் முள்ளெலிகள், அந்த உருண்டை முள் பந்துகள், கம்பளம் விரித்தாற்போல் கிடந்தன, கெல்ப் கிட்டத்தட்ட இல்லை. நீர்நாய்க்கு மற்ற கடல் பாலூட்டிகளைப்போல் கொழுப்புப் போர்வை கிடையாது, குளிரைத் தாங்க ஒரு நாளைக்குத் தன் எடையில் கால்வாசியைத் தின்ன வேண்டும், அதில் முள்ளெலிக்குப் பெரிய பங்கு. முள்ளெலியின் வேலை கெல்பின் அடியைக் கொறிப்பது. கெல்ப் போனால் அதற்குள் ஒளிந்து வளரும் மீன்களும் போகும்.

இதோடு முடிந்திருந்தால் அழகான சங்கிலிப் பாடம். 1990களில் அதே தீவுகளில் நீர்நாய் வருடத்துக்குச் சுமார் கால்வாசி என்ற வேகத்தில் காணாமல் போக ஆரம்பித்தது. நோய் இல்லை, பட்டினி இல்லை, செத்துக் கரை ஒதுங்கிய உடல்களும் இல்லை. ஓர்கா என்னும் கொலைகாரத் திமிங்கிலங்கள் நீர்நாயைத் தாக்குவதைப் பார்க்க ஆரம்பித்தார்கள், முன்பு அபூர்வமாக இருந்த காட்சி. அடாக் தீவில் ஒரு காயல் இருக்கிறது, அதன் வாய் ஓர்கா நுழைய முடியாத அளவுக்கு ஒடுக்கமும் ஆழமில்லாததும். உள்ளே நீர்நாய் எண்ணிக்கை அப்படியே இருந்தது, வெளியே திறந்த கரையில் சரிந்தது. எனக்குத் தெரிந்து இவ்வளவு தெளிவான சாட்சி இயற்கையில் தானாக அமைந்தது குறைவு. எஸ்டஸ் குழு கலோரிக் கணக்கும் போட்டது: நீர்நாயை மட்டுமே தின்பதென்றால், அந்தப் பரப்பில் குறைந்த சுமார் 40,000 நீர்நாய்களுக்கு நான்குக்கும் குறைவான ஓர்காக்கள் போதும். பத்து வருடத்தில் முள்ளெலியின் எடை எட்டு மடங்கு ஏறியது, கெல்பின் அடர்த்தி பன்னிரண்டில் ஒரு பங்காகிப் போனது. வெண்தலைக் கழுகுகள்கூட மீனைக் குறைத்துக் கடற்பறவைகளைப் பிடிக்கத் தொடங்கின. ஓர்காக்கள் ஏன் திடீரென்று நீர்நாயிடம் வந்தன? அவற்றின் வழக்கமான இரையான சீல்களும் கடற்சிங்கங்களும் அந்தப் பகுதியில் முன்னமே சரிந்துபோயிருந்தன, அதனால்தான் என்று எஸ்டஸ் கருதினார். அவை ஏன் சரிந்தன என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதம் நீண்டது. நமக்கு இங்கே வேண்டியது ஒன்று. கெல்ப் எவ்வளவு இருக்கும் என்பது மூன்று படி தள்ளி, ஆழ்கடலில் திரியும் மூன்று நான்கு விலங்குகள் என்ன சாப்பிட முடிவு செய்தன என்பதில் தொங்கியது. படத்தில் எல்லாக் கோடும் ஒரே தடிமனாகத்தான் வரைந்திருக்கும். உண்மையில் சில கோடுகள் நூல், சில கோடுகள் வடம், நூலாக இருந்தது ஒரு வருடத்தில் வடமாகவும் ஆகிவிடும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களின் தொடக்கத்தில் அங்கே வில்டபீஸ்ட், கூட்டமாக மேயும் பெரிய மான் வகை, சுமார் இரண்டரை லட்சம். 1977 வாக்கில் 13 லட்சத்தைத் தாண்டியது. சிங்கம் குறைந்ததாலா? இல்லை. சுற்றியிருந்த கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட்டதால் ரிண்டர்பெஸ்ட், நம் ஊரில் வெக்கை நோய் என்பார்களே, அது காட்டு விலங்குகளுக்குப் பரவுவது நின்றது. எண்ணிக்கை ஏறி ஏறி, கோடையில் புல் போதாத அளவில் போய் நின்றது. வில்டபீஸ்ட் புல்லைத் தின்றதால் காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்ததால் மரக்கன்றுகள் பிழைத்தன. சிங்கமும் கழுதைப்புலியும் ஏன் அதைக் கட்டுக்குள் வைக்கவில்லை என்று கேட்கலாம். வில்டபீஸ்ட் வருடம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது, சிங்கம் தன் எல்லையையும் குட்டிகளையும் விட்டுக் கூடவே நடக்க முடியாது. கூட்டம் வந்துபோகும் சில மாதம் விருந்து, மற்ற மாதங்களில் உள்ளூரில் இருப்பதைத் தின்றுதான் பிழைக்க வேண்டும், அந்த ஒல்லியான மாதங்களே சிங்கத்தின் எண்ணிக்கையை முடிவு செய்கின்றன.

நம் நாட்டுக் கதை ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை, பாறுக் கழுகுகள். 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து வருடத்தில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தது. தீனிக்குப் பஞ்சமே இல்லை, செத்த மாடுகள் நாடெங்கும் கிடந்தன. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து அந்த உடலில் தங்கி, தின்ற பாறின் சிறுநீரகத்தை அழித்தது. 2004இல்தான் காரணம் நிரூபணமானது, 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மருந்து தங்கிய உடல்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு மாட்டைச் சுற்றி ஐம்பது அறுபது பறவைகள் ஒன்றாக உட்கார்கின்றன, இடுவது வருடத்துக்கு ஒரே முட்டை. கூடிச் சாப்பிடுகிற, மெதுவாகப் பெருகுகிற உயிருக்கு நூலிழை விஷமே போதும். பாறுகள் விட்டுப்போன இறைச்சியைத் தெருநாய்கள் எடுத்துக்கொண்டன. நாட்டில் அதனால் நாய்கள் சுமார் 55 லட்சம் கூடியிருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது, நாய் கூடினால் வெறிநாய்க்கடியும் கூடும். ஒரு பறவை இறங்கிய இடத்தில் இன்னொரு விலங்கு ஏறியது, இரண்டுக்கும் நடுவே எந்த வேட்டையும் இல்லை, பங்கிட்ட தட்டு ஒன்றுதான். தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரை நீர்மத்தி மரங்களில், பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. காட்டில் தானாகச் செத்ததும் புலி கொன்று தின்று வைத்த மிச்சமும் அங்கே அவற்றுக்கு மருந்தில்லாத உணவு.

இனி தம்பியின் புலிக்கும் மானுக்கும் வருகிறேன். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே சேர்ந்த அந்தக் காட்டில் புலி குறைந்தால் புள்ளிமான் பெருகுமா? எனக்கு உடனே தோன்றுவது, அங்கே புலி தனியாக இல்லை. சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. நாகரஹொளே ஆய்வுகளில் தெரிந்தது, புலி காட்டெருது, கடமான் போன்ற பெரிய உடம்புகளை அதிகம் எடுக்கிறது, செந்நாயும் சிறுத்தையும் புள்ளிமானைப்போன்ற நடுத்தர விலங்குகள் பக்கம் சாய்கின்றன. புலி விலகினால் அதன் பங்கில் ஒரு பகுதியை மற்ற இருவரும் எடுத்துக்கொள்ளக்கூடும், சிறுத்தை இன்னும் துணிச்சலாகத் திரியக்கூடும். ஆக, புலி குறைந்த அளவுக்கு மான் கூடும் என்று எதிர்பார்க்க முடியாது.

கீழிருந்தும் ஒரு கை இழுக்கிறது. அந்தக் காடுகளில் பெரும்பரப்பில் உண்ணிச்செடி புதராக மண்டியிருக்கிறது, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. அதன் அடியில் புல் முளைப்பதில்லை, மான் அதைத் தின்பதும் இல்லை. புதர் மூடிய காட்டில் எல்லாப் புலியையும் எடுத்துவிட்டாலும் மானுக்கு மேயப் புல் இருக்காது. புதரை வெட்டிப் புல்வெளி திரும்பிய இடத்தில் மான் கூடும், மான் கூடினால் அதன் பின்னாலேயே புலியும் வரும். ஆக அந்தக் காட்டைப் பற்றி இன்று என்னைக் கேட்டால், தம்பி, உங்கள் கேள்விக்கு விடை புல் பக்கம்தான் சாய்கிறது என்பேன், அதுவும் உண்ணிச்செடி இவ்வளவு பரவியிருக்கிற இந்த வருடங்களுக்கு மட்டும்.